வெரட்டாதே... அடி!

கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டாய் பக்கம் போகாதீர்கள் ஸார். அனுபவஸ்தன் சொல்கிறேன்.

நான் போனேன். 2024 ஆவணி மாசம், ஒரு திங்கட்கிழமை காலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய நாள். சட்டையை இன் பண்ணி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக் கிளம்பினவனை, "போறப்போ எருமைக்கு ஒரு பக்கெட் தண்ணி வச்சிட்டுப் போடா" என்று அம்மா நிறுத்தினாள். பக்கெட்டை வைக்கக் குனிந்தேன். கெண்டைக்காலில் யாரோ பிளேடு போட்டு இழுத்த மாதிரி இருந்தது. 'ஐயோ' என்று துள்ளினதில் தண்ணீர் பூரா என் மேல். எருமை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம் தெரிந்தது.

கடித்தது ஒரு ஈ. ஈ என்றால் ஹோட்டல் பொங்கலில் வந்து உட்காருமே, அந்த ஜாதி இல்லை. புளியங்கொட்டை சைஸில் ஒரு ராட்சஸி. முகத்தில் பாதிக்கு மேல் கண். எங்கள் பக்கத்தில் மாட்டு ஈ என்போம். வெள்ளைக்காரன் குதிரையோடு அதிகம் பழகினவன். குதிரை ஈ என்கிறான். விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் டபானஸ். ரோமாபுரித் தளபதி பெயர் மாதிரி இல்லை?

கவரைப்பேட்டை எங்கே இருக்கிறது என்று இப்போதெல்லாம் யாரும் என்னைக் கேட்பதில்லை. 2024 அக்டோபர் 11-ம் தேதி ராத்திரி, லூப் லைனில் நின்றிருந்த கூட்ஸ் வண்டி மேல் பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதினதிலிருந்து ஊர் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை 'பொன்னேரிக்கு அடுத்து, கும்மிடிப்பூண்டிக்கு முந்தி' என்று விலாசம் சொல்லவேண்டியிருந்தது. ஒரு பக்கம் என்ஜினீயரிங் காலேஜ், ஒரு பக்கம் நேஷனல் ஹைவே, வடக்கே போனால் சிப்காட். நடுவில் இன்னும் பிளாட் போடாமல் மிச்சம் இருக்கிற வயலையும் ஏரிக்கரையையும் நம்பி எங்களை மாதிரி சில குடும்பங்கள் மாடு வைத்திருக்கின்றன.

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன், மிச்ச நேரத்தில் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டுக்குமே கற்பனை வளம் வேண்டும். நிஜமாகவே வீட்டை நடத்துவது அம்மாவின் இரண்டு எருமைகளும் ஒரு பசுவும்தான். இதை அம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஈ ரொம்ப ஜாஸ்தி. காலையும் சாயங்காலமும் கொட்டாயில் வேப்பிலை மூட்டம் போட்டாலும், நடுப்பகலில் மேய்ச்சலுக்கு வெளியே கட்டின நேரத்தில் மொய்த்துவிடும். அம்மாவின் முறை எளிமையானது. எருமை முதுகில் ஈ உட்கார்ந்ததும், பின்னாலிருந்து போய்ப் 'பளார்' என்று ஒரு அடி. ஈ காலி. எருமைக்கு அது செல்லமாகத் தட்டிக்கொடுத்த மாதிரி. அம்மாவின் உள்ளங்கையில் ரத்தம். பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நான் படித்தவன் இல்லையா? கொஞ்சம் நாகரிகமாக ஒரு ஈரிழைத் துண்டை எடுத்து வீசுவேன். ஈ எழும்பிப் போய்விடும். எருமைக்கும் நிம்மதி, எனக்கும் ஜீவகாருண்யப் புண்ணியம்.

"வெரட்டாதடா, அடி" என்பாள் அம்மா. "வெரட்டினா எங்க போவும் அது? காசிக்கா?"

அம்மாக்கள் சொல்வதை முப்பத்து சொச்சம் வயசில் யார் கேட்கிறார்கள்?

எதிர்வீட்டில் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை, முறைக்குச் சித்தப்பா. அவர் அந்த ஆடியில்தான் ஒரு சந்தையில் எழுபதாயிரத்துக்கு ஒரு எருமை பிடித்துவந்திருந்தார். பாதிப் பணம் வட்டிக்கு வாங்கினது. நல்ல லட்சணமான எருமை. சுழிசுத்தம், மடி சுத்தம். எங்கள் புங்க மரத்து நிழலிலேயே முளை அடித்துக் கட்டிக்கொள்ளச் சொன்னோம். எங்கள் எருமை கறுப்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு பன்னிரண்டடி இருக்கும். நான் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கட்டுரை எழுதுவேன். எழுத வராதபோது துண்டு வீசுவேன். எழுத வராத நேரம் எனக்கு நிறைய உண்டு.

புரட்டாசியில் கறுப்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு மாசச் சினை. இரண்டு நாளில் சரியாகிப் போனது. நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தது. தீனி எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வடிந்தது. ஒரு நாள் காலை பார்த்தால், கட்டின இடத்திலேயே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றது. அன்றைக்கு ராத்திரியே கன்று விழுந்துவிட்டது. கிடேரி.

அம்மா அதைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கறுப்பியின் காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று மாதவரம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு குழாயில் தனியாக ரத்தம். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர், "நீங்களே பாருங்க சார்" என்று நகர்ந்துகொண்டார்.

பார்த்தேன். வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். அவற்றின் நடுவே நெளிநெளியாக ஒன்று, எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. கொருக்குப்பேட்டையில் இறங்கவேண்டியவன், வண்டி கிளம்பும்போது தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்ட மாதிரி ஒரு அவசரம். அப்புறம் இன்னொன்று. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு.

"டிரிப்பனோசோமா. வியாதிக்குப் பேர் சர்ரா" என்றார். "ஈ கடிச்சு வர்றது. பக்கத்துல வேற மாடு ஏதாவது புதுசா வந்துதா?"

எனக்குச் சட்டென்று வயிற்றில் என்னவோ செய்தது. சித்தப்பாவின் மேல் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஊசி போட்டார். கறுப்பி பிழைத்துக்கொண்டது. இந்தக் கிருமியிடம் ஒரு சாமர்த்தியம் உண்டாம். உடம்பு அதை அடையாளம் கண்டு அடிக்க ஆரம்பித்ததும், தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டு புது ஆளாக வருமாம். சீட்டுக் கம்பெனிக்காரன் ஊர் விட்டு ஊர் போய் வேறு பெயரில் போர்டு மாட்டுவதில்லையா, அதே டெக்னிக். காய்ச்சல் விட்டு விட்டு வந்த காரணம் அதுதான். இன்னொரு விஷயமும் சொன்னார். குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் இது எமன். மாட்டிலும் எருமையிலும் பல சமயம் வெளியே தெரியாமலே குடியிருக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். பாலும் கறக்கும். ரத்தத்தில் மட்டும் சர்ரா.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளைக்கு ஒரு எண் டாலி ஆகவில்லை என்றால் தூக்கம் வராது, அந்த வியாதிதான்.

சர்ராவுக்கும் நம் தேசத்துக்கும் பழைய சம்பந்தம். 1880-ல் பஞ்சாப் எல்லையில் தேரா இஸ்மாயில் கான் என்ற ஊரில் (இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது) பட்டாளத்துக் குதிரைகளும் ஒட்டகங்களும் கொத்துக் கொத்தாகச் செத்தன. கிரிஃபித் எவன்ஸ் என்று ஒரு வேல்ஸ் தேசத்து மிருக வைத்தியர் விசாரிக்கப் போனார். நான் பார்த்த அதே நெளிவை அவர் அங்கே ரத்தத்தில் பார்த்தார். வியாதிக்குக் காரணம் இதுதான் என்றார். மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் ஏதோ நெளிந்தால் அதுவே காரணம் ஆகிவிடுமா என்று ஃபைலை மூடிவிட்டார்கள். பிராணிகளுக்கு வியாதி தரும் டிரிப்பனோசோமா ஒன்றை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பது அப்புறம்தான் எல்லாருக்கும் புரிந்தது. கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மனுஷர் 1935-ல் தன் நூறாவது வயசில்தான் காலமானார். மேலதிகாரி ஃபைலை மூடினால் மனசு உடைந்துபோகிற ஆபீஸ் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எவன்ஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எப்படி ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பது பாக்கி. 1901-ல் லெனார்ட் ராஜர்ஸ் என்ற டாக்டர் அதைக் காட்டினார். இந்த இடத்தில்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ராஜர்ஸ் செய்த சோதனை ரொம்ப சிம்பிள். நோய் கண்ட பிராணியை மாட்டு ஈயைக் கடிக்கவிட்டார். கடித்த கையோடு அதே ஈயை ஆரோக்கியமான பிராணியின் மேல் விட்டார். நோய் தொற்றியது. அப்படிக் கடித்த ஈயை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போட்டு வைத்துவிட்டு அப்புறம் விட்டுப் பார்த்தார். தொற்றவில்லை.

கொசு, மலேரியாவைத் தன் உடம்புக்குள் வைத்து வளர்த்துப் பக்குவமாகத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கும். மாட்டு ஈக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. அதன் வாய் வெறும் அழுக்குக் கத்தி. ஒருவர் ரத்தம் ஈரமாக ஒட்டியிருக்கும்போதே அடுத்தவரைக் குத்தினால்தான் நோய் போகும்.

அப்படியானால் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போய் இலைமேல் உட்கார்ந்து ஜீரணம் பண்ணுகிற ஈயால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்தான ஈ எது? பாதிக் குடியில் எழுப்பிவிடப்பட்ட ஈ. பசி தீராமல், வாயில் ரத்தத்தோடு பக்கத்து இலைக்குப் பாய்கிற ஈ.

அதைப் பாதிக் குடியில் எழுப்புவது யார்? மாட்டின் வால். மாட்டின் தோல் சிலிர்ப்பு. அப்புறம்... ஒரு ஈரிழைத் துண்டு.

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: ஒரு கணக்கிலிருந்து எதுவும் சும்மா காணாமல் போகாது, இன்னொரு கணக்கில் ஏறியிருக்கும். அறுபத்தெட்டு மார்க் வாங்கினேன் அந்தப் பேப்பரில். சித்தப்பா எருமையின் முதுகிலிருந்து நான் எழுப்பிவிட்ட ஈயெல்லாம் எந்தக் கணக்கில் ஏறியது? பன்னிரண்டடி தூரத்தில் ஏழு மாசச் சினையோடு ஒன்று நின்றுகொண்டிருந்ததே...

நிரூபிக்க முடியாதுதான். ஈக்கு ரிஜிஸ்டர் நம்பரா இருக்கிறது? என் துண்டு இல்லாமலே வால் அடித்து ஈ மாறியிருக்கலாம். ஆனால் ஆடிட்டர் வந்து கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். போகும்போது சண்டை போடுகிற மாதிரிதான் போகவேண்டும் என்று அம்மா எதிர்பார்த்தாளோ என்னவோ, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஏற்கெனவே அவருடைய எருமையிலும் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார். இருந்தது. சித்தப்பா திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சீக்கு மாடுன்னு தெரிஞ்சா வாங்குவேனா நைனா? ஒங்க வூட்டுக் கன்னு என்னாலதானே போச்சு..." என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "நீகூட பாவம், ரெண்டு எருமைக்கும் சேத்து தெனம் துண்டு வச்சிகினு வெரட்டிகினு இருப்பே. ஒம் மாதிரி புள்ள யாரு செய்வாங்க?"

சொல்லியிருக்கவேண்டும். அப்போது சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் எனக்கு மாட்டு ஈப் பைத்தியம் பிடித்தது. எதிரியைப் பற்றி எதையும் விடுவதில்லை என்று முடிவு. வசதியாக, இதில் பெரிய ஆட்கள் நம் கிண்டியிலேயே இருந்திருக்கிறார்கள். கிங் இன்ஸ்டிட்யூட் தெரியுமல்லவா? நாம் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்று கேள்விப்படுகிற அதே இடம். அங்கே வேலை பார்த்த பேட்டன், கிராக் என்று இரண்டு ஐ.எம்.எஸ். டாக்டர்கள் கடிக்கிற பூச்சிகளைப் பற்றி 1913-ல் ஒரு பாடப்புத்தகமே போட்டார்கள். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். கிராக்குக்கு ஈக்களின் வாய்தான் ஸ்பெஷாலிட்டி. கடிக்கிற ஈ ஒவ்வொன்றின் வாயையும் பிரித்து மேய்ந்து எழுதியிருக்கிறார். கிண்டியில் உட்கார்ந்து ஒரு மனுஷர் ஈயின் வாயைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால், நான் பேலன்ஸ் ஷீட் பார்க்கிற வேலை அவ்வளவு மோசமில்லை என்று தோன்றுகிறது.

அந்த வாயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கொசு, ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி. மெல்லிசாகக் குத்தி, ரத்தக்குழாயைத் தேடி, நாம் தூங்கும்போதே வேலையை முடித்துவிடும். மாட்டு ஈ பஸ் ஸ்டாண்டு பிளேடுக்காரன். கத்தி மாதிரி தகடுகளால் தோலை அறுத்து, குட்டை மாதிரி ரத்தம் ஊறினதும், பஞ்சு மாதிரி இருக்கிற உதட்டை வைத்து உறிஞ்சும். ரத்தம் உறையாமல் இருக்க எச்சிலிலேயே மருந்து வைத்திருக்கிறது. ஈ போனபிறகும் மாட்டின் முதுகில் ரத்தம் கோடாக வழிவது இதனால்தான். இவ்வளவு வலிக்கிற மாதிரி அறுத்தால் மாடு சும்மா இருக்குமா? உதறும். ஈ எழும்பும். வலிதான் நோயைப் பரப்புகிறது என்றுகூடச் சொல்லலாம்.

கடிப்பதெல்லாம் பெண். (பெண் வாசகர்கள் இருந்தால் கோபிக்கவேண்டாம், பூச்சி சாஸ்திரம் அப்படி.) முட்டை பக்குவப்படப் புரதம் வேண்டும், அதற்காக ரத்தம். ஆண் ஈ வெறும் பூந்தேன் குடித்துவிட்டு, யாருக்கும் உபயோகமில்லாமல், யாருக்கும் உபத்திரவமும் இல்லாமல் காலம் தள்ளும். அடையாளம் சுலபம்: இரண்டு கண்ணும் நடு உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண். நடுவில் வகிடு மாதிரி இடைவெளி இருந்தால் பெண்.

பெண், தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் இலையிலும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பொரிந்த புழு சேற்றில் விழும். இங்கே ஏரிக்கரை, நெல்வயல் வரப்பு, சாக்கடை ஓரம் என்று சேற்றுக்கா பஞ்சம்? மாசக்கணக்கில் அந்தச் சேற்றுக்குள் மண்புழுவையும் மற்ற பூச்சிப் புழுவையும் வேட்டையாடித் தின்னும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் கூடப்பிறந்ததையே தின்னும். ஆராய்ச்சிக்கூடத்தில் இதை வளர்க்கிறவர்கள் ஒன்றுக்கு ஒரு சீசா என்று தனித்தனியாக வைக்கிறார்கள். சொத்து பிரிக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் இந்த ஏற்பாட்டை சிபாரிசு செய்யலாம்.

அப்படியானால் இவ்வளவு கடி வாங்கின எனக்கு ஏன் சர்ரா வரவில்லை? நம் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கொல்கிற புரதம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு கச்சிதமான பாதுகாப்பு என்றால், அது வேலை செய்யாத ஒரே காரணத்தால் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்குச் சர்ரா வந்தது உலகச் செய்தி ஆயிற்று. 2005-ல் இந்திய டாக்டர்கள் அதை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்துக் குணமாகிவிட்டார். புலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2000 ஜூலையில் ஒரிஸா நந்தன்கானன் மிருகக்காட்சிசாலையில் பன்னிரண்டு புலிகள் சில நாட்களுக்குள் செத்துப்போனதே, அது இதே டிரிப்பனோசோமா வியாதிதான். கறுப்பிக்கு வந்ததைப் புலிக்கு வந்ததோடு சேர்த்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக் கேட்டுக்கொண்டாள்.

சரி, என்ன செய்வது? படித்ததில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரு அமெரிக்கர் செய்த வேலை. லூசியானாவில் லேன் ஃபாயில் என்ற பூச்சி நிபுணர் 1980-களில், குதிரையின் மேல் உட்கார்ந்த மாட்டு ஈக்களுக்கு அடையாளம் போட்டு, பாதிக் குடியில் எழுப்பிவிட்டு, அவை எங்கே போகின்றன என்று பார்த்தார். பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்தால் அதற்குத் தாவியது. அந்த இன்னொரு குதிரையைச் சுமார் ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டினால்? ஈ சோம்பேறி. அவ்வளவு தூரம் போகவில்லை. சுற்றிவிட்டு முதல் குதிரைக்கே திரும்பி வந்தது.

ஐம்பது மீட்டர்! மருந்து இல்லை, மாத்திரை இல்லை, செலவு ஒரு முளைக்குச்சி.

இதைச் சொல்ல மறுபடி சித்தப்பா வீட்டுக்குப் போனேன். 'உங்க எருமையைத் தள்ளிக் கட்டுங்க' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா ஸார்? நம் ஊரில் தள்ளிக் கட்டு, தள்ளி நில் என்கிற வார்த்தைகளுக்கு வேறு சரித்திரம் உண்டு. அதனால் வேறு வழியில்லாமல், முதலில் என் துண்டுக் கதையைச் சொன்னேன். ராஜர்ஸ், நாய், பட்டினி போட்ட ஈ, பன்னிரண்டடி, எல்லாம். சித்தப்பா ரொம்ப நேரம் வெற்றிலையை மென்றார்.

"அப்போ ரெண்டு பேரும்தான்னு சொல்றே" என்றார்.

"ஆமாம் சித்தப்பா."

"ஒன் ஆத்தாவாண்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதே. அது ஏற்கெனவே சொல்லிச்சின்னு ஆரம்பிச்சிடும்." எழுந்து வந்து, அவரே காலடி வைத்து எண்ணி, ஏரிக்கரைப் பக்கம் எழுபதாவது அடியெடுப்பில் புது முளை அடித்தார்.

2025 செப்டம்பரில் இன்னொரு சமாசாரம் படித்தேன். ஜப்பானில் ஒரு கோஷ்டி கறுப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைப் பட்டை அடித்துவிட்டு எண்ணிப் பார்த்தது. கடிக்கிற ஈ பாதியாகக் குறைந்தது. வாசனை காரணமா என்று பார்க்கக் கறுப்புப் பெயின்டிலும் பட்டை அடித்துப் பார்த்தார்கள்; குறையவில்லை. 2019-ல் செய்த இந்த ஆராய்ச்சிக்கு 2025-ல் இக்-நோபல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு, கிடைத்தது. இங்கிலாந்தில் குதிரைக்கு வரிக்குதிரைக் கோட்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஈ வழக்கம்போல் கிட்டே வருகிறதாம். இறங்குகிற நேரத்தில்தான் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் முட்டிக்கொள்கிறதாம்.

எங்கள் வீட்டில் கறுப்புக்குப் பஞ்சமா? சுண்ணாம்பு கலக்கினேன். "தோலு வெந்துபூடும்டா பாவி" என்று அம்மா பிடுங்கிக் கொட்டிவிட்டாள். அரிசி மாவைக் கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையால் கறுப்பிக்குப் பட்டை பட்டையாக இழுத்தேன். தெருவில் போனவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பாட்டி எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று விசாரித்தாள். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஈ எண்ணத் தயாரானேன். பசு வந்தது. கறுப்பியின் முதுகை நாக்கால் ஒரு இழுப்பு. மாவு ருசி கண்டுவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் ஒரு பக்கத்துப் பட்டை சுத்தம். மறுபக்கத்தைக் கறுப்பியே பார்த்துக்கொண்டது. நேராகப் போய்க் குட்டைச் சேற்றில் படுத்துப் புரண்டது. எழுந்து வந்தபோது கழுத்து முதல் வால் வரை ஒரு அங்குலச் சேறு. ஒரு ஈக்கும் அதைத் துளைக்க வாய் கிடையாது. ஜப்பான்காரர்கள் எருமையைக் கேட்டிருக்கலாம்.

கறுப்பி மறுபடி சினை. அஞ்சு மாசம். எழுபது காலடி தூரத்தில் சித்தப்பா எருமையும் ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது. நான் இப்போதெல்லாம் துண்டைத் தொடுவதில்லை. உள்ளங்கைதான்.

போன வாரம் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பும்போது பைக் பெட்ரோல் டாங்க் மேல் ஒரு மாட்டு ஈ. கறுப்பு பைக், அன்றைக்குத்தான் துடைத்திருந்தேன். கறுப்பாகப் பளபளக்கிற எதுவும் மாட்டு ஈயின் கண்ணுக்குத் தண்ணீர். படுக்கைவசமாக வரும் ஒருவித ஒளியைப் பார்த்துத்தான் அது குளத்தைக் கண்டுபிடிக்கும். பளபளப்பான கறுப்பும் அதே ஒளியை அனுப்பி ஏமாற்றிவிடுகிறது. ஹங்கேரியில் ஹோர்வாத் என்ற பேராசிரியரின் கோஷ்டி இதைத் துருவி ஆராய்ந்திருக்கிறது. வெள்ளைக் குதிரையை மாட்டு ஈ ஏன் அதிகம் சீண்டுவதில்லை என்று சொன்னதற்காக 2016-ல் இவர்களுக்கும் அந்தச் சிரிப்புப் பரிசு உண்டு.

ஆக, என் பைக்கைக் குளம் என்று நினைத்து வந்திருக்கிறது. கையை ஓங்கினேன். சட்டென்று கொஞ்சம் குனிந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருந்தன.

"இன்னாடா, அடிச்சியா?" என்றாள் அம்மா கொட்டாயிலிருந்து.

"இது கடிக்காதும்மா. ஆம்பளை ஈ. சும்மா பூவுல தேன் குடிச்சிட்டுச் சுத்திக்கிட்டு இருக்கும்."

"எழுதுறதா?"

"என்னது?"

"இல்ல, ஒன்ன மாதிரின்னு பாத்தேன். சரி வுடு, போவட்டும்."